மூன்று நொடி மறைய வேண்டிய சிப்பாய்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். நினைத்த கையோடு ஒரு பொய்யை எழுதினேன். "ஒரு நாள் பேருந்தில் போகும்போது, சாலையோரப் புதருக்கு முன்னால் நின்ற ஒரு சிப்பாயைப் பார்த்தேன், அவர் அங்கே நிற்பதே எனக்கு முதலில் தெரியவில்லை" என்று தொடங்கியது அது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அப்படி யாரையும் நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், அவர் நிற்பது எனக்கு எடுத்த எடுப்பிலேயே தெரிந்திருக்கும். ஏன் தெரிந்திருக்கும் என்பதைப் பிறகு சொல்கிறேன். சொல்லாமல் நழுவப் பார்த்தால் சட்டையைப் பிடித்துக் கேளுங்கள்.

உண்மையான காரணம் வேறு. ஒரு பெண் உயிரைக் கொடுத்துச் செய்த வேலை அவள் கையிலிருந்து பிடுங்கப்பட்டது. அவளுக்கு அந்த வேலை வரவில்லை என்று எல்லோரும் நம்பினார்கள். கடைசியில் அவளே நம்பிவிட்டாள். அது உண்மை இல்லை. உண்மை இல்லை என்று தெரிந்த ஆள் ஒருவன் அந்த அலுவலகத்தில் இருந்தான். அவன் வாயைத் திறக்கவில்லை. அவனைப் பேச வைப்பதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

தொடக்க வாக்கியங்கள் ஏழு எழுதிப் பார்த்துவிட்டேன். மூன்றைக் காட்டுகிறேன்.

"தையல்காரி பதினோராவது முறையாகச் சிப்பாயின் சட்டையைக் கழற்றினாள்." (இது உங்களை உள்ளே இழுப்பதற்காக எழுதியது. வேறு எதையோ எதிர்பார்த்து வந்து ஏமாந்துபோவீர்கள்.)

"போர் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது, ஆனால் போருக்கு உடுத்தும் துணியின்..." (இங்கேயே விட்டுவிட்டேன். மேடைப்பேச்சு வாடை அடித்தது. இந்தக் கதையில் போரே கிடையாது, கணினி விளையாட்டு மட்டும்தான்.)

"அவள் வேலை, ஆளை மறைப்பது."

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். அதுவும் பாதிதான் சரி. ஆனாலும் எங்காவது தொடங்கித்தானே ஆக வேண்டும்.

2

அவள் வேலை, ஆளை மறைப்பது. கணினி விளையாட்டு தயாரிக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில், விளையாட்டில் வரும் சிப்பாய்களுக்கு உடுப்பு வரைகிறவள். புதருக்குள் நின்றால் புதராகவும் மண்மேட்டில் படுத்தால் மண்ணாகவும் கண்ணை ஏமாற்றுகிற, திட்டுத்திட்டாகப் பச்சையும் பழுப்பும் அப்பிய உடுப்பு.

திரையில் விறைப்பாக நிற்கிறானே அந்தச் சிப்பாய், அவனுக்குள்ளே ஒன்றும் கிடையாது. வெறும் கூடு. அந்தக் கூட்டைப் பிரித்துத் தட்டையாக விரித்தால், தையல் கடையில் வெட்டிப்போட்ட துணி மாதிரி துண்டு துண்டாகக் கிடக்கும்: மார்பு ஒன்று, முதுகு ஒன்று, கை இரண்டு, கால் இரண்டு, தொப்பி. அந்தத் துண்டுகளின் மேல்தான் வரைய வேண்டும். வரைந்து முடித்தால் கணினி அவற்றைத் திரும்ப எடுத்து உருவத்தின் மேல் போர்த்திவிடும். மற்றவர்கள் துண்டுக்குத் துண்டு சாயத்தை நிரப்பிவிட்டுக் காபி குடிக்க எழுந்துவிடுவார்கள். இவள் மட்டும், தோள்மூட்டில் இந்தத் துண்டின் திட்டு அடுத்த துண்டின் திட்டோடு பிசகாமல் சேர்கிறதா என்று மூக்கு திரையில் முட்டும்வரை குனிந்து பார்ப்பாள். அதனால் தையல்காரி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. வைத்தவர் அந்தப் பிரிவின் தலைவர். அவருக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தது யாரென்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் நடந்த வேலை அது.

அவள் வரைந்த முதல் உடுப்பு அலுவலகத்தையே சிரிக்க வைத்தது. இடத்தை மிச்சம் பிடிக்க, உடம்பின் இடது பாதியை மட்டும் வரைந்துவிட்டு, வலது பாதிக்கு அதையே திருப்பிப் போடுவது அந்தத் தொழிலில் வழக்கம். இவளும் அப்படியே செய்தாள். சிப்பாய் எழுந்து நின்றபோது, மார்பின் நடுவே இருபுறமும் அச்சாக ஒன்றுபோல் விழுந்த திட்டுகள் ஒன்றுசேர்ந்து ஒரு முகமாகிவிட்டன. இரண்டு கண், ஒரு பெரிய மூக்கு, கீழே தொங்குகிற மீசை.

மேஸ்திரி திரையின் முன்னால் வந்து நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். "ஏம்மா, சிப்பாய் நெஞ்சுல யாரு? உன் மாமனாரா?"

"எங்க மாமனாருக்கு இவ்வளவு நல்ல மூக்கு கிடையாது சார்."

சிரித்துவிட்டு எல்லோரும் கலைந்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு உட்கார்ந்து இரண்டு பாதியையும் தனித்தனியாக வரைந்தாள், இரட்டிப்பு வேலை, ஒரு வாரம் முழுக்க. யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

[இந்த இடத்தில் அவள் தோற்றத்தை வர்ணிக்க வேண்டும் என்று ஒரு வாக்கியம் தொடங்கினேன்: "அவள் போட்டிருந்த துப்பட்டாவின் நிறம்..." அடித்துவிட்டேன். நிறத்தைப் பற்றி எழுதும்போதெல்லாம் என் கை தயங்குகிறது. போகப்போகத் தெரியும்.]

3

சோதனை எப்படி நடக்கும் என்றால், ஒரு சரிவு. செடி, கொடி, காய்ந்த புல், பாறை. அதில் எங்கோ ஓரிடத்தில் சிப்பாய் அசையாமல் நிற்பான். சோதிக்கிறவர் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். ஆளைக் கண்டவுடன் பொத்தானை அழுத்த வேண்டும். மூன்று நொடிக்குள் கண்டுவிட்டால் உடுப்பு தோல்வி. எட்டு நொடி தாண்டியும் காணவில்லை என்றாலும் தோல்விதான். ஆளே தெரியாவிட்டால் விளையாடுகிறவன் கடுப்பாகி எழுந்து போய்விடுவான். மறையவும் வேண்டும், அகப்படவும் வேண்டும். நிஜப் பட்டாளத்தில்கூட இப்படி ஒரு பாடு கிடையாது.

சோதிக்கிறவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் சாதாரண மனிதர்கள். மூன்றாமவனுக்குக் கழுகு என்று பெயர். வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, புதருக்குள் நின்ற சிப்பாய் யார் வரைந்ததாக இருந்தாலும் ஒரே நொடியில் பிடித்துவிட்டான் என்பதால் வந்த பெயர். அந்தப் பெயரை அவன் ரகசியமாக ரசித்தான்.

தையல்காரியின் இரண்டாவது உடுப்பை மற்ற இருவரும் நான்கு நொடி, ஐந்து நொடி கழித்துக் கண்டார்கள். கழுகு, படம் வந்ததும் அழுத்திவிட்டான்.

"சார், ரெண்டு பேருக்குச் சரியா வந்திருக்கே" என்றாள் அவள்.

"அவங்களை விடும்மா. நாம யாருக்காகச் செய்யறோம்? இதையே பொழப்பா வெச்சு ஆடுற பசங்க இருக்காங்க, அவங்க கண்ணு இவன் கண்ணு மாதிரி. கழுகு கண்ணுல மண்ணைத் தூவிட்டேன்னு வெச்சுக்கோ, அப்புறம் எவன் கண்ணுலயும் தூவலாம்."

மற்றவர்கள் வரைந்த, பச்சையே இல்லாத பாலைவன உடுப்பு, பனி உடுப்பு எல்லாம் ஏற்கெனவே ஒப்பேறிப்போனவை. காட்டு உடுப்பு ஒன்றுதான் பாக்கி. அது அவள் தலையில் விழுந்தது.

மூன்றாவது. நான்காவது. ஐந்தாவதில் திட்டுகளைச் சிறிதாக்கினாள். ஆறாவதில் பெரிதாக்கினாள். கழுகு ஒரே நொடி. ஏழாவதில் துணிக்கு மேலே இலைநிழல் விழுந்த மாதிரி இன்னொரு அடுக்கு. ஒரே நொடி. மற்ற இருவருக்கும் இப்போது ஆறு நொடி வரை ஆனது, அதை யாரும் கவனிக்கவில்லை.

வீட்டிலும் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. குளியலறைச் சுவரில் ஈரம் ஊறிய திட்டைப் படம் எடுத்தாள். நடைபாதையில் மரநிழல் விழுந்தால் குனிந்து நின்று பார்த்தாள், பின்னால் வந்தவர்கள் சில்லறை தொலைந்துவிட்டதோ என்று கூடவே தேடினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை பார்க்கிற கணவனை, வாசலில் இருந்த வேலிச்செடிக்கு முன்னால் நிறுத்தினாள்.

"அசையாம நில்லுங்க. தோளை மட்டும் கொஞ்சம் இறக்குங்க."

"எவ்வளவு நேரம்?"

"நீங்க எனக்குத் தெரியாமப் போற வரைக்கும்."

"கல்யாணம் ஆகி ஒம்பது வருஷத்துல அது எப்பவோ நடந்துடுச்சு" என்றான் அவன். "தெருவுல போறவங்க பாக்கறாங்கடி. பொண்டாட்டி வெளியே தள்ளிக் கதவைச் சாத்திட்டான்னு நெனைக்கப்போறாங்க."

அவள் சிரிக்கவில்லை. அரைமணி நேரம் நிறுத்தி வைத்தாள். அவன் கழுத்து எங்கே முடிகிறது, செடி எங்கே தொடங்குகிறது என்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் இவ்வளவு பாடு என்று அவன் கேட்டதற்கு, "இதுதான் எனக்கு நல்லா வரும்னு நெனச்சுட்டிருந்தேன்" என்றாள். "இதுவும் வரலன்னா வேற என்ன வரும்னு பயமா இருக்கு."

ஒன்பதாவது உடுப்பும் விழுந்த பிறகு, ஒரு மதிய வேளையில் அவள் கழுகின் மேசைக்கே வந்துவிட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கழுகண்ணா, ஒண்ணு கேக்கவா? தப்பா நெனைக்கக் கூடாது."

"கேளும்மா."

"எதை வெச்சுக் கண்டுபிடிக்கிறீங்க? தோளா, காலா, தொப்பியா? இடத்தை மட்டும் காட்டுங்க. அந்த இடத்தை மாத்திக்கிறேன். உங்களைக் குறை சொல்ல வரல. என் கையில எங்க தப்புன்னு தெரிஞ்சாப் போதும்."

கழுகு திரையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "சொல்லத் தெரியலம்மா. பார்த்தேன், இருந்தான்" என்றான்.

அவள் நாற்காலியை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டுப் போனாள்.

பதினோராவதும் விழுந்தது. மேஸ்திரி நல்ல மனிதர்தான், அவரையும் மேலே இருந்து நெருக்கினார்கள். "கொஞ்ச நாள் பெட்டி, பீப்பாய் இதெல்லாம் பாரும்மா. மனசு ஆறட்டும்" என்றார். விளையாட்டில் சிப்பாய்கள் மறைந்துகொள்ளவும் உடைத்துத் தள்ளவும் சும்மா கிடக்கிற பெட்டிகளும் பீப்பாய்களும் அவை. அவற்றை யாரும் இரண்டாம் முறை பார்ப்பது கிடையாது.

"சரிங்க சார்" என்றாள் அவள்.

4

இங்கே ஒரு சிக்கல். எழுதியவரைக்கும் படித்துப் பார்த்தேன். தையல்காரியை நம்ப முடிகிறது, மேஸ்திரியை நம்ப முடிகிறது, வேலிச்செடி முன்னால் நிற்கிற கணவனைக்கூட நம்ப முடிகிறது. கழுகுதான் ஒட்டவில்லை. இரண்டாவதிலிருந்து பதினோராவது வரை பத்து உடுப்பு, பத்தும் ஒரே நொடி. எந்த மனிதக் கண்ணுக்கு அது சாத்தியம்? கதாபாத்திரமா, மந்திரவாதியா?

அவனை நம்பும்படியாக ஆக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. பொறாமைக்காரனாக்கிப் பார்த்தேன்: "கழுகுக்கு அவளைப் பிடிக்கவில்லை, ஏனென்றால்..." அவளை யாருக்குத்தான் பிடிக்காது? சிப்பாயை ஒளித்த இடத்தை அவன் முன்பே திருட்டுத்தனமாகப் பார்த்துவைத்துக்கொள்கிறான் என்று எழுதினேன். அந்த அளவுக்குச் சாமர்த்தியம் அவனுக்குக் கிடையாது. ஒரு பத்தி முழுக்க, அவள்மேல் அவனுக்கு ஒரு இது என்று... வேண்டாம். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

எல்லாம் சுற்றி வளைப்பு. அவனுடைய காரணம் எனக்குத் தெரியும். அவன் நிறக்குருடு. பச்சையும் பழுப்பும் அவனுக்கு ஒன்று.

இதில் கண்கூர்மை எங்கே வந்தது என்று கேட்கலாம். கூர்மையே இல்லை, குறைதான். மற்றவர்கள் கண்ணுக்கு அந்த உடுப்பில் பச்சைத் திட்டும் பழுப்புத் திட்டும் மாறி மாறித் தெரிவதால் உடம்பின் வடிவம் சிதறிப்போகிறது, கண் ஏமாறுகிறது. கழுகுக்கு அந்த இரண்டு நிறமும் கலந்து ஒரே சாயமாகிவிடும். திட்டுகளே இருக்காது. இலையும் தண்டும் நிழலுமாகக் கலைந்து கிடக்கிற புதருக்கு நடுவே, ஒரே சாயத்தில் முக்கி எடுத்த ஒரு ஆள், கையும் காலுமாகப் பளிச்சென்று நிற்பான். ஒரு நொடிகூட அதிகம். அவள் எவ்வளவு பாடுபட்டு வரைந்தாலும், அவள் வரைந்ததில் பாதி அவனை வந்து சேரவே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கழுகு என்று எழுதிக்கொண்டே போகிறேன், யாரோ ஒருவன் மாதிரி. கழுகு நான்தான்.

5

சொல்லிவிட்டேன்.

இருபத்திரண்டு வயதில் ரயில் ஓட்டுகிற வேலைக்கு மனுப் போட்டேன். எழுத்துத் தேர்வில் தேறினேன். கண் பரிசோதனையில் ஒரு அட்டையைக் காட்டினார்கள்: நிறைய புள்ளிகள், அதற்குள் ஒரு எண் இருக்கிறதாம். எனக்குப் புள்ளிகள் தெரிந்தன. அடுத்த அட்டை, அடுத்த அட்டை. மருத்துவர் அட்டைகளை மூடிவைத்துவிட்டு, "வெளியே உட்காருங்க" என்றார். அந்த இரண்டு சொல்லை நான் இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு எந்த வேலைக்குப் போனாலும் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் மனைவிக்கு மட்டும் தெரியும். காலையில் சட்டைகளை எடுத்துக் கட்டில்மேல் வைக்கிறவள் அவள்தான். "இது நீலம். இது நீ நீலம்னு நெனைக்கிற ஒண்ணு" என்பாள்.

தையல்காரியின் ஆறாவது உடுப்பு விழுந்த மறுநாள் காலை, நடந்ததை மனைவியிடம் சொன்னேன்.

"போய்ச் சொல்லிட வேண்டியதுதானே" என்றாள்.

"என்னன்னு? கழுகுன்னு கூப்பிடாதீங்க, நான் பாதிக் குருடுன்னா? அப்புறம் என்னை அந்த நாற்காலியில உக்கார வைப்பாங்களா?"

"அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணிச்சு?"

சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மேலே ஒரு காட்சி எழுதி எடுத்துவிட்டேன், அது எப்படி இருந்தது என்று சொல்கிறேன். அதில் தையல்காரி பச்சைப் பேனாவைக் கேட்பாள், நான் பழுப்புப் பேனாவை எடுத்துக் கொடுப்பேன், அவள் பேனாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எல்லாம் புரிந்தவளாய், "ஏன் கழுகண்ணா சொல்லவே இல்ல?" என்பாள். என் கண் கலங்கும். அருமையான காட்சி. அது நடக்கவே இல்லை. என் வேலையை அவள் செய்துவிட்டதாக எழுதப் பார்த்திருக்கிறேன். அவள் எதையும் கண்டுபிடிக்கவில்லை. நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

மௌனமாக இருந்தேன் என்பதோடு முடிந்திருந்தால் இதை எழுதாமலேகூட இருந்திருப்பேன். இதற்குமேல் ஒன்று இருக்கிறது.

அவளைப் பெட்டி, பீப்பாய்க்கு மாற்றிய பிறகு காட்டு உடுப்பைப் புதிதாக வந்த ஒருவரிடம் கொடுத்தார்கள். அவர் தையல்காரியின் ஏழாவது உடுப்பை எடுத்து, இரண்டு மூன்று திட்டுகளை நகர்த்தி, தன்னுடையதாகக் கொண்டுவந்து வைத்தார். சோதனைக்கு மேஸ்திரி வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். "இவனும் தோத்தான்னா, உன் கண்ணை ஒரு டாக்டர்கிட்ட காட்டணும்டா" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்குப் புள்ளி போட்ட அந்த அட்டைகள் நினைவுக்கு வந்தன.

படம் வந்தது. பாறைக்கு இடப்பக்கம் சிப்பாய் நின்றான். வழக்கம்போலப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தான். நான் கண்களை அங்கும் இங்கும் ஓட்டித் தேடுவதுபோல நடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று மனதுக்குள் எண்ணினேன். எண்ணிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன்.

எல்லோரும் கை தட்டினார்கள். பீப்பாய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தையல்காரியும் எழுந்து நின்று கை தட்டினாள். புதியவரிடம் வந்து, "எப்படிங்க பண்ணீங்க, எனக்கும் சொல்லிக்கொடுங்க" என்று கேட்டாள்.

நான்கு வரை எண்ண எனக்குத் தெரிந்திருந்தது. அவளுக்காக ஒரு தடவைகூட எண்ணவில்லை. இதை எப்படிச் சொன்னாலும் நான் அசிங்கமாகத்தான் தெரிவேன், அதனால் சுருக்கமாகச் சொல்லிவிட்டேன்.

6

எட்டு மாதம் பெட்டியும் பீப்பாயும் வரைந்துவிட்டு அவள் வேலையை விட்டுப் போனாள். அதன் பிறகு ஒரு வருடம் ஓடிவிட்டது. நான் இப்போது சோதனைப் பிரிவுக்குத் தலைவன். கதைக்கு முடிவு வேண்டும். மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

(அ) ஒரு கடைத்தெருவில் அவளைப் பார்க்கிறேன். உண்மையைச் சொல்கிறேன். அவள், "போகட்டும் கழுகண்ணா, அன்னிக்கு உங்க நிலைமை அப்படி" என்கிறாள். இதை எழுதும்போது எனக்கு இதமாக இருந்தது. அதனாலேயே இதன்மேல் சந்தேகம் வந்தது.

(ஆ) அதே கடைத்தெரு. உண்மையைக் கேட்டதும் அவள் நாலு பேர் பார்க்க என்னைக் கிழி கிழியென்று கிழிக்கிறாள். வாங்கிக் கட்டிக்கொண்டு, மனம் லேசாகி வீட்டுக்குப் போகிறேன். இதிலும் பாருங்கள், லேசாவது என் மனம்தான்.

(இ) அவளுக்கு உண்மை தெரியவே தெரியாது. வேறொரு நிறுவனத்தில் பீப்பாய் வரைந்து, அதில் பெயர் வாங்கி, சிப்பாயை மறந்து சந்தோஷமாக...

மூன்றையும் வரிசையாக மனைவியிடம் படித்துக் காட்டினேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"சந்தோஷமா இருந்தான்னு நீ பாத்தியா?"

"கதைதானே."

"கதையிலாவது அவளைச் சிப்பாய் வரைய விடக்கூடாதா? உனக்கு வசதியா எல்லாத்தையும் எழுதிட்டு, மூணு முடிவாம். மூணுலயும் அவ உனக்குத்தான் ஏதாவது செஞ்சுட்டுப் போறா. அவளுக்கு நீ என்ன செஞ்ச?"

கத்தியை எடுத்துக்கொண்டு மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். மூன்று முடிவையும் அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும் என்றுதான் இங்கே விட்டுவைத்திருக்கிறேன்.

7

தொடக்கத்திலிருந்து உங்களை வாசகர் என்று நினைத்துப் பேசிக்கொண்டு வருகிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியும். பெயர் தெரியாது, பதவி தெரியும்.

தையல்காரி உங்கள் நிறுவனத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். சிப்பாய்களுக்கு உடுப்பு வரைகிற குழுவுக்குத் தலைமை ஏற்கும் வேலை. இவ்வளவு நடந்த பிறகும் அதே வேலைக்குத்தான் திரும்ப வந்திருக்கிறாள். முன்பு வேலை பார்த்த இடத்தில் அவள் எப்படி என்று கேட்டு நீங்கள் அனுப்பிய படிவம் மேஸ்திரிக்கு வந்தது. அவர் அதை என்னிடம் தள்ளிவிட்டார். "அவ வேலையைச் சோதிச்சவன் நீ. நீயே எழுதிடு. நல்ல பொண்ணு, ரொம்பக் கடுமையா எழுதாத" என்றார்.

ஆறாவது கேள்வி: "சிப்பாய் உடுப்புப் பணியிலிருந்து மாற்றப்பட்டதற்குக் காரணம்." இரண்டு வரிக்குத்தான் இடம் விட்டிருக்கிறீர்கள். அதில் மேஸ்திரி பென்சிலால் இரண்டு சொல் எழுதியிருந்தார்: "திறன் போதவில்லை." என்னை மேலெழுதச் சொல்லி. நான்கு நாளாக அந்தப் பென்சில் எழுத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உட்கார முடியாமல் எழுந்து நடந்தேன். அலுவலகத்தில் கேட்டதற்கு வயிற்றுவலி என்றேன்.

அந்தக் கட்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில் போட்டிருக்கிறது: இடம் போதாவிட்டால் தனித்தாள் இணைக்கவும். இதுதான் அந்தத் தனித்தாள். இவ்வளவு நீளும் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கமாட்டீர்கள். எனக்கு நேராகச் சொல்ல வரவில்லை. கதை மாதிரி சுற்றி வந்தால்தான் வாய் திறந்தது. பொறுத்துக்கொண்டு இதுவரை படித்ததற்கு நன்றி.

பென்சில் எழுத்தை அழித்துவிட்டு, இரண்டு வரியில் இப்படி எழுதியிருக்கிறேன்: "அவர் வேலையில் குறை இல்லை. சோதித்தவனின் கண்ணில் குறை. அதை அவன் மறைத்தான்." கீழே என் கையெழுத்து இருக்கிறது. நகல் ஒன்று மேஸ்திரி மேசைக்குப் போய்விட்டது. நாளை காலை நான் அலுவலகத்துக்குள் நுழையும்போது என்ன நடக்கும் என்று தெரியவில்லை. அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

அவளுக்கு இதை இன்னும் அனுப்பவில்லை. உங்கள் பதில் அவளுக்குப் போன பிறகு அனுப்புவேன். முதலிலேயே அனுப்பினால், வேலை கிடைக்குமா என்று காத்திருக்கிற நேரத்தில் அவள் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும். அவள் தேற்றக்கூடியவள்தான்.

இத்துடன் அவளுடைய இரண்டாவதிலிருந்து பதினோராவது வரை எல்லா உடுப்புகளையும், அதே சரிவில் சிப்பாயை நிறுத்தி எடுத்த படங்களையும் இணைத்திருக்கிறேன். மற்ற இரண்டு பேர் எத்தனை நொடியில் கண்டார்கள் என்ற குறிப்பும் இருக்கிறது. அதை முதலில் பார்க்காதீர்கள். பதினோராவது படத்தைத் திறங்கள். சிப்பாய் எங்கே நிற்கிறான் என்று நான் சொல்லமாட்டேன், சொல்லவும் எனக்குத் தகுதி இல்லை. படம் திறந்ததும் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குங்கள். ஆளைக் கண்டதும் நிறுத்துங்கள். எத்தனை வந்ததோ அதை வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிடுங்கள்.